ஒரு சாண் நிழல்

வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததை ரய்யா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வாய்க்காலில் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, சொல்லாமலே கழிந்துவிடும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் கணுக்கால் வரை சில்லென்று ஓடியது. விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் வந்து குதிகாலைக் கொத்திக்கொத்திப் பார்த்தன. மஸ்கட்டில் ஏழாவது மாடியில் இருக்கிறவளுக்கு மாதம் ஒரு தடவை வாப்பாவின் ஊரான ஹைலுக்கு வருவதென்றால் இந்த மீன் கூச்சத்துக்காகத்தான். பதினைந்து வயதாகியும் அது அலுக்கவில்லை.

அவளுடைய வாப்பா கைஸ், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிரைமசால் பாத்தியில் இறங்கியிருந்தார். கையில் அரிவாள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வாரம் முழுக்க உடைந்த கார்களின் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன மனிதர். ஊருக்கு வந்தால் எல்லா வேலையையும் தானே செய்ய வேண்டும் என்பார்.

"மெதுவா அறு கைஸு," என்றாள் நஸ்ரா பெரியும்மா, ஆட்டுக்குட்டியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டே. "புல்லை அறுக்கச் சொன்னா மண்ணோட அள்ளுறே. ஆடு என்ன, கல்லையா திங்கும்?"

"அரிவாள் மழுங்கிப் போயிருக்கு மதினி."

"அரிவாள் போன வாரம் தீட்டுனது. மழுங்குனது வேற."

வாப்பா சிரித்தார். ஒரு கட்டு அறுப்பதற்குள் இரண்டு தடவை முதுகை நிமிர்த்தி, காப்பி குடித்து, நகால் ரகப் பேரீச்சையின் முதல் பழங்களை உதிர்த்துத் தின்றார். ஆனி மாத வெக்கை. மலையிலிருந்து காய்ந்த காற்று இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் மாரியில் இரண்டே மழை. வாய்க்கால் தண்ணீர் பாதியாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். ரய்யாவுக்கு அது பாதியாகத் தெரியவில்லை. அவள் கால் நனைய அது போதும்.

ஹைலில் எல்லாருக்கும் ஒரே வாய்க்கால். மலையடியில் ஊறி, பள்ளிவாசலைத் தொட்டு, தோட்டம் தோட்டமாக இறங்கும். யாருக்கு எந்த நாள், எத்தனை அதர் என்பது பிறப்பிலேயே எழுதினது மாதிரி. ஒரு அதர் என்றால் அரை மணி. எட்டு நாளைக்கு ஒரு சுற்று. முறை தவறினால் மரம் அடுத்த எட்டு நாளைக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இதைப் பிரித்துவிடுகிற நீர்க்கட்டிதான் அரீஃப். ஹைலில் அது ரய்யாவின் பெரியவாப்பா ஹமூத். இருபத்திரண்டு வருஷமாக அவர்தான்.

இரவில் கடிகாரத்தைப் பார்த்து முறை மாற்றுவார்கள். காலையில் கிழக்கு மலையைத் தாண்டி வெயில் ஊருக்குள் விழ எட்டரைக்கு மேல் ஆகும். அதற்கப்புறம் கடிகாரத்துக்கு மரியாதை கிடையாது. பள்ளிவாசலுக்குப் பக்கத்து வெளியில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நட்டிருக்கும். அதன் இரண்டு பக்கமும் தரையில் வரிசையாகக் கல் பதித்திருக்கும். குழாயின் நிழல் நுனி ஒரு கல்லைத் தொட்டால் ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை. ஒருமுறை யாரோ இதை விட்டுவிட்டு கடிகாரத்துக்கே போய்விடலாம் என்றார்களாம். ஆளுக்கு ஒரு கடிகாரம் ஆளுக்கு ஒரு மணி காட்டி, ஒரே நாளில் மூன்று சண்டை. மறுநாளே நிழலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்தக் குழாயைத்தான் ரய்யா இடித்துத் தள்ளியிருந்தாள்.

வியாழக்கிழமை அஸர் என்கிற சாயங்காலத் தொழுகை நேரத்தில் ஊருக்குள் நுழைந்தார்கள். வாப்பா காரை அந்த வெளியில் நிறுத்தி, "ஏசி ஓடட்டும், நீ எதையும் தொடாதே, தொழுதுட்டு வந்துடறேன்" என்று பள்ளிக்குப் போனார். வறண்ட ஆற்றுப் படுகையில் நாலைந்து தடவை வாப்பாவே அவளை ஓட்ட விட்டிருக்கிறார். வேப்பமர நிழலுக்குக் காரை நகர்த்தி வைத்தால் ஆச்சரியப்படுவார் என்று நினைத்தாள். பின்னால் எடுத்தாள். டங்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது குழாய் ஒட்டகம் படுக்கிற மாதிரி மெதுவாகச் சாய்ந்து தரையில் விழுந்தது.

வெளியில் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் தொழுகையில். அவள் இறங்கி ஓடினாள். குழியின் வாய் உடைந்து கிழக்குப் பக்கமாக அகன்றிருந்தது. குழாயைத் தோளில் சாய்த்துத் தூக்கிக் குழிக்குள் இறக்கினாள். சுற்றிலும் கல்லைப் போட்டு, மண்ணைத் தள்ளி, செருப்புக் காலால் மிதித்தாள். கார்க் கதவின் ஓரத்தோடு ஒப்பிட்டு, நேராக நிற்கிறது என்று திருப்திப்பட்டாள். காரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வாப்பா வந்தபோது போனில் எதையோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

நேராக நின்றால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள். இடம் என்று ஒன்று உண்டென்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு முஹன்னாவின் முறை தொடங்கியது. அவர் தோட்டம் இவர்கள் தோட்டத்துக்கு மேலே. எலுமிச்சைக்காரர். ஒல்லி மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் தடிமன். அவருக்கு ஒரே ஒரு அதர். வெயில் வரும் முன்பே தொடங்குவதால் தொடக்கம் கடிகாரம், முடிவு நிழல். அவருக்கு அடுத்த முறை இவர்கள் தோட்டத்துக்கு.

ரய்யா மீன்களோடு இருந்தபோது வாய்க்கால் தண்ணீர் திடீரென்று முழங்கால் வரை ஏறியது.

"அட, நம்ம தண்ணி வந்துடுச்சு," என்று கத்திக்கொண்டு வாப்பா அரிவாளைப் போட்டுவிட்டு, வாய்க்கால் விழுகிற தொட்டியில் குதித்தார். "வா ரய்யா, வா. மஸ்கட்ல இந்தக் குளியலுக்குக் காசு குடுத்தாலும் கிடைக்காது."

"என்ன இன்னிக்குச் சீக்கிரமா வந்துடுச்சு," என்றாள் பெரியும்மா. அவள் சும்மாதான் சொன்னாள்.

ஆனால் ரய்யா காலைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. முஹன்னா மண்வெட்டியோடு வரப்பில் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் பெரியவாப்பா, வழக்கம்போல நிதானமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"அரீஃபே, நீங்களே பாருங்க," என்று முஹன்னா போனை நீட்டினார். "எட்டரைக்குத் திறந்தேன். எட்டே முக்காலும் மூணு நிமிஷமும் ஆகும்போது அடைக்கச் சொல்லிட்டீங்க. பதினெட்டு நிமிஷம். என் அதர் எப்போ இளைச்சுப் போச்சு?"

"உன் போனை நான் பார்க்கல முஹன்னா. நிழலைப் பார்த்தேன். நிழல் கல்லைத் தொட்டுச்சு."

"நிழல் எட்டு நாளைக்கு முன்னாடி ஒன்பதுக்குத் தொட்டுச்சு. இன்னிக்குப் பன்னெண்டு நிமிஷம் முந்திக்கிச்சா? சூரியனுக்கு வெள்ளிக்கிழமை அவசரமோ?"

"நான் என்ன சொல்றது. தொட்டுச்சு."

முஹன்னா தொட்டியைப் பார்த்தார். வாப்பா கழுத்தளவு தண்ணீரில், முகமெல்லாம் சிரிப்பாக இருந்தவர், அப்படியே அசையாமல் நின்றார்.

"ஓஹோ," என்றார் முஹன்னா. "மஸ்கட்லேருந்து தம்பி வந்திருக்காரு. நான் மறந்துட்டேன். விருந்தாளி குளிக்க வேணாமா."

"வார்த்தையை அளந்து பேசு முஹன்னா," என்றாள் பெரியும்மா.

"நான் அளந்துதான் பேசறேன் தங்கச்சி. தண்ணியைத்தான் யாரோ அளக்காம விட்டுட்டாங்க. ரெண்டு எலுமிச்சை தண்ணி பார்க்கல. இந்த வெயில்ல எட்டு நாள். காய் பிடிச்சிருக்கிற மரம்."

பெரியவாப்பா தாடியைத் தடவினார். அவர் முகம் கோபமாக இருந்திருந்தால் ரய்யாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அடிபட்ட மாதிரி இருந்தது.

"ஜும்ஆத் தொழுகை முடியட்டும்," என்றார் கடைசியில். "பள்ளி வாசல்ல எல்லாரும் இருப்பாங்க. அங்க பேசிக்கலாம்."

அவர்கள் போனதும் வாப்பா தொட்டியிலிருந்து ஏறித் துண்டால் தலையைத் துவட்டினார். ரய்யா பக்கத்தில் போய் நின்றாள். ஒரே மூச்சில் சொன்னாள். காரை எடுத்தது, இடித்தது, நட்டது, மிதித்தது.

வாப்பா துண்டை முகத்திலிருந்து எடுக்கவேயில்லை. துண்டுக்குள்ளிருந்தே, "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"யாருக்கும் தெரியாது."

"சரி. நீ யார்கிட்டயும் சொல்லாதே. சாயங்காலம் ஆள் இல்லாதப்போ நான் போய்ச் சரியா நட்டுடறேன். முஹன்னாவுக்கு நம்ம முறையிலேருந்து ஏதாவது விட்டுக் குடுக்கச் சொல்லலாம். முடிஞ்சது."

"பெரியவாப்பாகிட்ட?"

"காக்காகிட்டச் சொன்னா அவரு ஊரைக் கூட்டிச் சொல்லிடுவாரு. அவரு குணம் தெரியாதா உனக்கு? என் பொண்ணு லைசென்ஸ் இல்லாம காரை ஓட்டி ஊர் நிழல் கம்பையே சாய்ச்சிட்டான்னு… இந்த ஊர்ல இது முப்பது வருஷத்துக்கு ஓடும் ரய்யா. உன் கல்யாணத்துல கூடப் பேசுவாங்க." அவளுடைய தலையில் கை வைத்தார். கை ஈரமாக, கனமாக இருந்தது. "பயப்படாதே. நான் பார்த்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். பயம் போகவில்லை. இரண்டு பேராகப் பயப்பட்டதில் அது இன்னும் கொஞ்சம் பெரிதானதுபோல இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஆண்கள் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார்கள். ரய்யா அடுப்படியில் பெரியும்மாவோடு இருந்தாள். சுறாக் கருவாடு வெங்காயத்தோடு வதங்கிக்கொண்டிருந்தது. பெரியும்மா சூடான இரும்புத் தட்டில் தளர்ந்த மாவை உள்ளங்கையாலேயே மெல்லிசாகத் தேய்த்து, காகிதம் மாதிரி ரொட்டியை உரித்து உரித்துப் போட்டாள். அவளுடைய கை சுடாதா என்று ரய்யா சின்ன வயதிலிருந்து கேட்பாள். இன்றைக்குக் கேட்கவில்லை.

"உங்க பெரியவாப்பா காலையிலேருந்து ஒரு பேரீச்சம்பழம்கூட வாயில வைக்கல," என்றாள் பெரியும்மா. "சத்தியம் பண்ணப் போறாரு."

"என்ன சத்தியம்?"

"அரீஃப் மேல சந்தேகம்னு ஒருத்தன் சொல்லிட்டா, அரீஃப் குர்ஆன்ல கை வச்சுச் சொல்லணும். கம்பு நட்ட இடத்துலதான் இருக்கு, என் கை தண்ணியை மாத்தலன்னு. இந்த ஊர்ல அப்படித்தான். சொன்னதும் பேச்சு முடிஞ்சது. முஹன்னாவும் வாயை மூடிக்கணும்." ஒரு ரொட்டியைப் புரட்டினாள். "இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. பொய்ச் சத்தியம் பண்ணவன் வீடு அழிஞ்சதை இந்த ஊர் பார்த்திருக்கு. அதனால உண்மையான சத்தியத்துக்கே மனுஷனுக்குக் கை நடுங்கும். இவருக்கு என்ன, மடியில கனம் இல்ல."

கம்பு நட்ட இடத்துலதான் இருக்கு.

ரய்யா எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"என்ன புள்ள? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"பெரியும்மா, கம்பு நட்ட இடத்துல இல்ல."

பெரியும்மாவின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. ரொட்டி கருக ஆரம்பித்தது. ரய்யா சொன்னாள். வாப்பா சொல்லாதே என்றதை மட்டும் விட்டுவிட்டாள். முடிந்ததும் பெரியும்மா தட்டைக் கரித்துணியால் பிடித்து இறக்கிவைத்தாள். கை கழுவக்கூட நிற்கவில்லை.

"செருப்பைப் போடு. ஓடு. தொழுகை முடிஞ்சிருக்கும்."

"நீங்க வந்து சொல்லுங்க பெரியும்மா. எனக்கு…"

"நான் வரேன். ஆனா என் காலு உன் காலு மாதிரி ஓடாது. முந்திப் போறவதான் சொல்லணும்."

வெளியில் வெயில் தலையைப் பிளந்தது. வாய்க்கால் ஓரமாகவே ரய்யா ஓடினாள். பள்ளி வாசலில் முப்பது நாற்பது ஆண்கள், அத்தனையும் வெள்ளை. நடுவில் பெரியவாப்பா. இமாம் இரண்டு கையிலும் குர்ஆனை ஏந்தியிருந்தார். முஹன்னா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், கேட்டுவிட்டோமே என்ற முகத்தோடு. வாப்பா கூட்டத்தின் ஓரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை.

பெரியவாப்பா கையைத் தூக்கினார்.

"பெரியவாப்பா, சத்தியம் பண்ணாதீங்க."

அவ்வளவு பேரும் திரும்பினார்கள். ஒரு பெண் பிள்ளை, முக்காடு நழுவி, மூச்சு வாங்க. அவள் நிழல் வெளியைக் கையால் காட்டினாள். "நான் நேத்துக் காரால இடிச்சிட்டேன். விழுந்துடுச்சு. நானே நட்டேன். இடம் மாறியிருக்கும். உங்களுக்குத் தெரியாது."

பெரியவாப்பா கையை உடனே இறக்கவில்லை. அந்தரத்தில் நிற்கிற தன் கையைத் தானே பார்த்தார். பிறகு மெதுவாக மடக்கி, பள்ளிவாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாஹ்," என்றார். "சொல்லியிருப்பேன். இன்னும் ஒரு மூச்சு. சொல்லியிருப்பேன்."

முஹன்னா நேராகக் குழாயிடம் போனார். குத்துக்காலிட்டு, ரய்யா மிதித்த மண்ணை விரலால் கிளறினார். மேலே காய்ந்த புழுதி. அதற்குக் கீழே, மேற்குப் பக்கமாக, பழைய குழியின் கெட்டி மண் வட்டமாகத் தெரிந்தது. கையை விரித்து வைத்து அளந்தார்.

"ஒரு சாண்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "என் பன்னெண்டு நிமிஷம் இங்கதான் கிடக்கு."

யாரோ சிரித்தார்கள். பெரியவாப்பா சிரிக்கவில்லை. அவர் ரய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்துச் சாயங்காலமா?"

"ஆமா."

"நேத்து ராத்திரி என் தட்டுலதானே கை போட்டுச் சாப்பிட்டே."

கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது.

"வேற யாருக்குத் தெரியும்?"

ரய்யா தன் செருப்பைப் பார்த்தாள். நிமிர்ந்தால் கண் வாப்பாவிடம் போய்விடும். வெயிலில் தரை வெள்ளையாக எரிந்தது.

"எனக்குத் தெரியும் காக்கா," என்றது வாப்பாவின் குரல். "காலையிலேருந்து. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

பெரியவாப்பா தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "நான் கையைத் தூக்கும்போதும் தெரியும்."

"தெரியும்."

அப்போதுதான் பெரியும்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள், முழங்கை வரை மாவோடு. வந்தவள் ரய்யாவின் முக்காட்டை இழுத்துச் சரிசெய்ததில் அவள் தலையெல்லாம் மாவு ஒட்டியது.

அன்றைக்கே குழாயைப் பிடுங்கிப் பழைய குழியில் நட்டார்கள். எட்டுப் பேர் எட்டு யோசனை சொன்னார்கள். ஈடு எப்படி என்று பேச்சு வந்தபோது பெரியவாப்பா சொன்னார்: "சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு இன்னொரு அதர் இருக்கு. அதை முஹன்னா எடுத்துக்கட்டும். முழுசா."

"எனக்குப் பன்னெண்டு நிமிஷம் போதும்," என்றார் முஹன்னா. "அதுக்கு மேல ஒரு சொட்டு வந்தாலும் என் எலுமிச்சைக்கு ஜீரணம் ஆகாது. மிச்சத்தைப் பள்ளிவாசல் பேரீச்சைக்கு விட்டுடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "காலையில தம்பியைச் சொன்னது… வெயில்ல வாய் வழுக்கிடுச்சு அரீஃபே," என்றார்.

"வழுக்கட்டும். நீ சொன்னதுல பாதி சரி."

வீட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. கருகின ரொட்டியைப் பெரியவாப்பா தானே எடுத்து வைத்துத் தின்றார். வாப்பா எதிரே உட்கார்ந்து கருவாட்டில் முள் பொறுக்கிக்கொண்டேயிருந்தார். இரண்டு பேரும் பெரியும்மா மூலமாகத்தான் பேசினார்கள். உப்பை அவருக்குக் குடு. எலுமிச்சையை இவருக்குக் குடு.

"நான் என்ன தபால் ஆபீசா?" என்றாள் பெரியும்மா. யாரும் சிரிக்காததால் அவளே கொஞ்சம் சிரித்தாள்.

சனிக்கிழமை அஸர் முடிந்ததும் வாப்பா நிழல் வெளியில் நின்ற காரில் பையை ஏற்றிவிட்டார். வழக்கமாக இருட்டின பிறகுதான் கிளம்புவார்கள். ரய்யா முன் இருக்கையில் ஏறப் போகும்போது முஹன்னா மண்வெட்டியோடு வெளிக்கு வந்து சேர்ந்தார். பெரியவாப்பா குழாயிலிருந்து தள்ளி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அரீஃபே, நிழலைப் பாருங்க," என்றார் முஹன்னா. "முந்தின முறைக்காரரோட வாழைக்குத் தண்ணி ஓடிட்டிருக்கு. தொட்டதும் சொன்னாத்தான் மாத்த முடியும்."

"இன்னிக்கு என் கண்ணு வேணாம். எங்க வீட்டுத் தப்புக்குத் தண்ணி போகுது. வேற யாராவது பார்க்கட்டும்."

முஹன்னா சுற்றுமுற்றும் பார்த்தார். வெளியில் வேறு ஆள் இல்லை. காரைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளை பார்க்கட்டும்."

"அவளா?"

"அவதான். ஊர்லயே இப்போ அவளுக்குத்தான் இந்தக் கம்புகிட்ட பயம் அதிகம். ஒரு நொடி முந்த மாட்டா."

ரய்யா பெரியவாப்பாவைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து அவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர் தாடியைத் தடவினார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தாள்.

"கல்லுக்கு நேரா உட்காரு," என்றார். "உன் நிழல் அது மேல விழாம உட்காரணும்."

அவள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தரை பாவாடை வழியாகச் சுட்டது. நிழல் நுனி கல்லிலிருந்து மூன்று விரல் தள்ளி இருந்தது. பார்த்தால் நகர்வதாகவே தெரியவில்லை. கண்ணை இமைத்துவிட்டுப் பார்த்தால் நகர்ந்திருந்தது. முஹன்னா மடைக்குப் போய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். அவருக்குக் கீழே அந்த இரண்டு எலுமிச்சை மரங்கள் தெரிந்தன. இலை ஓரம் சுருண்டிருந்தது.

காரிலிருந்து ஹாரன் ஒரு தடவை ஒலித்தது. சின்னதாக, கெஞ்சுகிற மாதிரி.

ஒரு விரல். அரை விரல். நுனி மங்கலாக இருந்தது, தொட்ட மாதிரியும் இருந்தது, தொடாத மாதிரியும் இருந்தது. ரய்யாவின் கழுத்தில் வேர்வை இறங்கியது.

"தொட்டுச்சா?" என்று மடையிலிருந்து முஹன்னா கேட்டார்.

மறுபடி ஹாரன்.

"என்ன ரய்யா, தொட்டுச்சா?" என்றார் பெரியவாப்பா. மரத்தடியிலிருந்து எழவில்லை. எட்டியும் பார்க்கவில்லை.

அவள் தலையைத் தரைவரை தாழ்த்திப் பார்த்தாள். நுனிக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு நூல் கனத்துக்கு வெளிச்சம் இருந்தது.

"இல்ல," என்றாள். "இன்னும் இல்ல."

"சரி," என்றார் பெரியவாப்பா. காரை நோக்கிக் கையை உயர்த்தி, தம்பியிடம் சத்தமாகச் சொன்னார்: "வண்டியை அணைடா. புள்ளை பார்த்துட்டிருக்கா."

எஞ்சின் சத்தம் நின்றது. நான்கு பேரும் காத்திருந்தார்கள்.